பாறையே பாடம்: அரியலூர்ப் பகுதிக்கு மாணவர்களை நிலவியல் களப்பயணம் அழைத்துச் செல்ல முழு வழிகாட்டி

பெலம்னைட் என்ற கடல்வாழ் உயிரின் புதைபடிவத்தை வகுப்பில் பலமுறை வரைந்து காட்டியிருக்கிறேன். துப்பாக்கித் தோட்டா மாதிரி இருக்கும், கணவாய் மீனின் தூரத்து உறவு என்று சொல்வேன். பரீட்சையில் எல்லாரும் சரியாக எழுதிவிடுவார்கள். அதே மாணவர்களைப் பெரம்பலூர் மாவட்டம் காரைக்குக் கூட்டிப்போய் இறக்கிவிட்டால், முதல் பத்து நிமிடம் அந்தப் பெலம்னைட்டுகளை மிதித்துக்கொண்டேதான் நடப்பார்கள். படத்தில் அது சுத்தமாக, தனியாக நிற்கிறது. மண்ணிலோ பாதி உடைந்து, களிமண் அப்பி, நூறு சரளைக்கற்களுக்கு நடுவே கிடக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கும் கண் வேறு எங்கும் வளராது, அங்கேதான் வளரும்.

இன்னொன்றும் உண்டு, அதைப் பெரிதாகவே நினைக்கிறேன். நிலவியல் வரைபடத்தில் ஒரு பாறைக்கும் அடுத்த பாறைக்கும் நடுவே கோடு இருக்கும். தரையில் அப்படி ஒரு கோடு கிடையாது. சோளக்காடு இருக்கும், கருவேல முள் இருக்கும், மண்மேடு இருக்கும். எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதை ஒருவர் நின்று பார்த்து, யோசித்து முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை மாணவர் தானே ஒருமுறை எடுத்துப் பார்ப்பதுதான் களப்பணியின் பயன். இடத்தைச் சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்பினால் அது சுற்றுலா. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த முடிவை மாணவர் கையில் கொடுப்பதற்காகத்தான்.

உதாரணத்துக்கு அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியையே எடுத்துக்கொள்கிறேன். கல்லூரி மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பள்ளி ஆசிரியர்கள் தங்களுக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: பயணத்துக்கு ஒரே ஒரு கேள்வி வையுங்கள்

"புதைபடிவங்களைப் பார்த்து வருதல்" என்பது நோக்கம் ஆகாது. கேள்வியாக இருக்க வேண்டும். நான் வைப்பது இது: "இங்கே கடல் எப்போது வந்தது, எப்போது போனது, அதை எதை வைத்துச் சொல்வாய்?"

இந்தப் பகுதி இந்தக் கேள்விக்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். இந்தியாவின் கிழக்குக் கரை பழைய கோண்டுவானாக் கண்டத்திலிருந்து பிரிந்தபோது நிலம் விரிசல்விட்டுத் தாழ்ந்து காவிரிப் படுகை உண்டானது. தாழ்ந்த இடத்தில் கடல் ஏறியது. டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்தில் அங்கே படிந்த அடுக்குகள் இன்று மெதுவாகக் கிழக்கு நோக்கிச் சாய்ந்து கிடக்கின்றன. அதனால் மேற்கே பழைய அடுக்கு, கிழக்கே போகப் போகப் புதிய அடுக்கு. மேற்கு ஓரத்தில் பழைமையான நைஸ் பாறை, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை. அதன் மேல் ஊட்டத்தூர் அடுக்குகள், அப்புறம் திருச்சிராப்பள்ளி அடுக்குகள், அப்புறம் அரியலூர் அடுக்குகள். கடைசியாக, டைனோசர்கள் மறைந்த பிறகு படிந்த நினியூர் அடுக்குகள்.

முதல் மூன்று பிரிவுகளையும் வகுத்து 1862-ல் வெளியிட்டவர் பிரிட்டிஷ் நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்ட். அன்று செயற்கைக்கோள் படம் இல்லை, ஆழ்துளைத் தகவல் இல்லை. தரைமேல் தெரிந்ததைப் பார்த்தே பிரித்தார். அந்தப் பெயர்கள் இன்றும் நிற்கின்றன. இதை மாணவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர்கள் செய்யப்போவதும் அதே வகை வேலைதான்.

படி 2: நீங்கள் முன்னால் ஒருமுறை போய் வாருங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. போன வருடம் நன்றாகத் தெரிந்த பாறைமுகம் இந்த வருடம் குப்பைக்கு அடியில் இருக்கலாம். ஓடைச் சரிவு மழையில் இடிந்திருக்கலாம். வயலுக்கு வேலி வந்திருக்கலாம். போகும்போது குறித்துக்கொள்ள வேண்டியவை: பஸ் எங்கே திரும்பும், நிழல் எங்கே, கழிப்பறை எங்கே, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எது, யாருடைய நிலம்.

கழிப்பறையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வழியில் இடம் இல்லை என்று தெரிந்தால் மாணவிகள் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். காரையில் நிழலே கிடையாது. மதியத்துக்குள் தலை சுற்றும். பாடம் எங்கே மனதில் நிற்கும்? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கழிப்பறை நிறுத்தம் என்று முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சிமெண்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் போவதானால் எழுத்துமூல அனுமதி வேண்டும், பெயர்ப் பட்டியலோடு. ஒரு வருடம் போனில் சரி என்றார்கள் என்று நம்பிப் போய், வாசலில் 40 மாணவர்களோடு ஒன்றரை மணி நேரம் நின்று திரும்பினோம். அனுமதி கிடைத்தாலும் வெடி வைக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. செங்குத்தான சுவரின் அடியில் நிற்கவும் கூடாது.

காலம்: ஜனவரி, பிப்ரவரி. வடகிழக்குப் பருவமழையில் காரைக் களிமண் ஊறி வழுக்கும், பள்ளத்தில் இறங்கவே முடியாது. ஏப்ரலுக்கு மேல் வெயில் தாங்காது.

படி 3: புதுமையைக் குறையுங்கள்

இஸ்ரேலைச் சேர்ந்த நிர் ஓரியனும் அவி ஹோஃப்ஸ்டைனும் 1990-களில் பள்ளி மாணவர்களின் நிலவியல் களப்பயணங்களை ஆராய்ந்து ஒரு கருத்தைச் சொன்னார்கள். புது இடத்துக்குப் போகும் மாணவருக்கு மூன்று வகையில் எல்லாமே புதிதாக இருக்கிறது. பாடம் புதிது, இடம் புதிது, அன்றைய நாள் எப்படிப் போகும் என்பதும் புதிது. இந்த மூன்றும் எவ்வளவு அதிகமோ அவ்வளவு குறைவாகத்தான் கற்றல் நடக்கும். ஆகவே கிளம்புமுன் மூன்றையும் குறைக்க வேண்டும்.

நம் ஊர் வழக்கம் இதற்கு நேரெதிர். "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று காலை 5 மணிக்கு பஸ் ஏற்றிவிடுவோம். பஸ்ஸில் பாட்டு, தூக்கக் கலக்கம், முதல் நிறுத்தத்தில் செல்ஃபி. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முந்தைய இரண்டு வாரங்களில் நான் செய்பவை இவை. போகப்போகும் ஒவ்வொரு இடத்தின் போட்டோவையும் காட்டிவிடுவேன். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் வழியை அவர்களையே குறிக்கச் சொல்வேன். அதில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் அதே இடத்தின் பாறை வரைபடத்தைத் திறந்து காட்டுவேன். சோற்றுக்கு என்ன, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பது வரை ஒரு தாளில் கொடுத்துவிடுவேன்.

காம்பஸ் பழக்கம் கல்லூரி மைதானத்திலேயே முடிந்துவிட வேண்டும். ஒரு பழைய மேஜைப் பலகையைச் செங்கல் வைத்துச் சாய்த்து நிறுத்துங்கள். அதுதான் பாறை அடுக்கு. பலகை எந்தத் திசையில் நீள்கிறது என்பது ஸ்டிரைக். எவ்வளவு சாய்கிறது என்பது டிப். பலகைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது ஓடும் திசை டிப் திசை. தண்ணீர் ஓடிய கோட்டுக்குக் குறுக்கே செங்கோணத்தில் வருவது ஸ்டிரைக். போர்டில் முப்பது நிமிடம் விளக்கியும் குழம்புகிறவர்களுக்கு இந்தச் சொட்டுத் தண்ணீரில் புரிந்துவிடுகிறது. சுத்தியலை இடுப்பில் வைத்துக்கொண்டு காம்பஸ் பார்த்தால் முள் தவறும் என்பதையும் அங்கேயே காட்டிவிடுங்கள். போன் ஆப் வைத்து அளப்பவர்கள் காந்தம் வைத்த உறையைக் கழற்ற வேண்டும்.

நூறு மீட்டருக்குத் தனக்கு எத்தனை காலடி என்று ஒவ்வொருவரும் எண்ணி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கட்டும்.

படி 4: பையில் என்ன இருக்க வேண்டும்

நான்கைந்து பேர் ஒரு குழு. குழுவுக்கு ஒரு சுத்தியல், ஒரு காம்பஸ், ஒரு டேப். ஆளுக்கு ஒரு பத்து மடங்கு லென்ஸ், கயிற்றில் கழுத்தில் தொங்கட்டும். கெட்டி அட்டை நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், வியர்வையில் மை கலையும். ஒரு பழைய ஐந்து ரூபாய் நாணயம், போட்டோவில் அளவு தெரிவதற்கு. தொப்பி, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு அல்லது ஷூ, ஆளுக்குக் குறைந்தது 3 லிட்டர் தண்ணீர்.

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 சதவீதம், சொட்டுப்பாட்டிலில், ஆசிரியர் கையில் மட்டும். சுண்ணாம்புக்கல்லில் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும், அதை வைத்துத்தான் அதை அடையாளம் காண்போம். அதைக் கலக்கும்போது தண்ணீரில் அமிலத்தைச் சேர்க்க வேண்டும், அமிலத்தில் தண்ணீரைச் சேர்க்கக் கூடாது. சுத்தியல் அடிப்பவர் கண்ணாடி போட்டே அடிக்க வேண்டும். பாறைச் சில்லு கண்ணில் பட்டால் பக்கத்தில் கண் மருத்துவமனை இருக்காது.

படி 5: களத்தில் முதல் இருபது நிமிடம் பேசாதீர்கள்

ஆசிரியருக்கு இதுதான் கஷ்டம். நமக்குத் தெரிந்ததைக் கொட்டிவிட வாய் துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு நான்கு இடங்களுக்கு மேல் வேண்டாம். ஏழு இடம் போட்டு ஓடிய வருடத்தில் மாணவர்கள் கொண்டுவந்த நோட்டுகளில் இடத்தின் பெயர்கள் மட்டுமே இருந்தன. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மணி நேரமாவது கொடுங்கள். இறங்கியதும் இருபது நிமிடம் அவர்களே நடக்கட்டும், தொடட்டும், வரையட்டும். அப்புறம் குழு குழுவாகப் போய்க் கேளுங்கள். "இது என்ன பாறை?" என்று கேட்டால் தெரிந்த ஒருவன் பெயரைச் சொல்லிவிடுவான், மற்றவர்கள் அதை எழுதிக்கொள்வார்கள். கேள்வியை மாற்றுங்கள். என்ன தெரிகிறது? எதை வைத்துச் சொல்கிறாய்? வேறு எப்படி நடந்திருக்கலாம்?

காரையில் ஒரு முறை ஒரு மாணவி சுருண்ட கல் ஒன்றை எடுத்து வந்தாள்.

"சார், இது சாளக்கிராமம் மாதிரியே இருக்கு. எங்க தாத்தா வீட்டுப் பூஜையில ஒண்ணு இருக்கு."

"எதை வச்சு மாதிரின்னு சொல்றே?"

அவள் லென்ஸை வைத்துப் பார்த்தாள். சுருளுக்குக் குறுக்கே ஓடும் மேடுகளை எண்ணினாள். நோட்டில் வரைந்தாள். அதன் பிறகுதான் சொன்னேன்: நேபாளத்துக் கண்டகி நதியில் எடுக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட் என்ற கடல் உயிரின் புதைபடிவம்தான், இதுவும் அம்மோனைட்தான். ஊருக்குப் போனதும் தாத்தாவின் சாளக்கிராமத்தை லென்ஸில் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். முதலிலேயே நான் பெயரைச் சொல்லியிருந்தால் அவள் அந்த மேடுகளை எண்ணியிருக்கவே மாட்டாள்.

படி 6: நோட்டில் இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் நினைத்தது

நான் கற்றுத்தருவதில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இடது பக்கத்தில் கண்ணால் கண்டது, கையால் தொட்டது, அளந்தது. வலது பக்கத்தில் அதிலிருந்து நினைத்தது. இரண்டும் கலக்கக் கூடாது. காரையின் ஓர் ஓடைச் சுவரில் ஒரு மாணவர் எழுதிய பக்கம் இப்படி இருக்கும்:

இடது: "காலை 9.40. ஓடையின் வடக்குச் சுவர், உயரம் சுமார் 3 மீ. வெளிர்சாம்பல் களிமண், மேலே மஞ்சளாக மாறுகிறது. அடுக்குக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு, தடிமன் 2 செ.மீ., நார்நாராக இருக்கிறது. நகத்தால் கீறினால் கீறல் விழுகிறது. அமிலம் விட்டால் நுரைக்கவில்லை. சுவரின் அடியில் பெலம்னைட் துண்டு 4, உடைந்த முகத்தில் நடுவிலிருந்து கதிர் கதிராகப் பிரிகிறது. அதில் அமிலம் நுரைக்கிறது."

வலது: "வெள்ளைக் கோடு ஜிப்சம். கால்சைட்டாக இருந்தால் நுரைத்திருக்கும், நகத்தில் கீறாது. அடுக்கை வெட்டிக்கொண்டு போவதால் களிமண் படிந்த பிறகு வந்தது. பெலம்னைட் கடலில் மட்டும் வாழ்ந்தது, ஆகவே இந்தக் களிமண் கடலடி மண்ணாக இருக்கலாம். ஆனால் துண்டுகள் கீழே கிடந்தவை, சுவரிலிருந்து விழுந்தவையா? சுவரில் பதிந்த ஒன்றைத் தேட வேண்டும்."

அந்தக் கடைசி வரியை எழுதும் மாணவருக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

நோட்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதே பகுதியில் ஒரு கதை இருக்கிறது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை வைத்து 1987-ல் யாதகிரி, அய்யாசாமி இருவரும் புருஹத்காயோசாரஸ் என்ற டைனோசருக்குப் பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர் என்று பதிவானது. முதலில் அதை ஊனுண்ணி என்று வகைப்படுத்தினார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று கருத்து மாறியது. அந்த எலும்புகள் இன்று இல்லை, நொறுங்கிப்போய்விட்டன. அளவுகள், வரைபடங்கள், அன்று எடுத்த போட்டோக்கள் இவைதான் மிச்சம். உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றா என்ற விவாதம் அந்த மிச்சத்தை வைத்துத்தான் இப்போதும் நடக்கிறது. எலும்பு போய்விட்டது, எழுதியது நிற்கிறது. கல்லமேட்டுக்குப் போகாவிட்டாலும் இந்தக் கதையைப் பஸ்ஸில் சொல்லிவிடுங்கள்.

படி 7: வழி

மேற்கிலிருந்து கிழக்காகப் போங்கள். பஸ் கிழக்கே நகர நகரக் காலமும் முன்னேறும். எதிர்த்திசையில் போனால் மாணவர்கள் கதையைத் தலைகீழாகக் கேட்டுக் குழம்புவார்கள்.

முதல் நிறுத்தம் ஊட்டத்தூர்ப் பக்கம், நைஸ் பாறையும் படிவுப் பாறையும் சந்திக்கும் இடம். நைஸ் பாறைக்கு வயது குறைந்தது 50 கோடி ஆண்டு. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் படிவுக்குப் பத்துப் பதினோரு கோடி. ஒரு காலை இதில் வைத்து மறு காலை அதில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு பாதங்களுக்கும் நடுவே நாற்பது கோடி ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. அந்தக் காலம் எங்கே போனது என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இரண்டாவது காரை. மூன்றாவது கருடமங்கலம். அங்கே சிப்பிகளும் நத்தைகளும் நெருங்கிக் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லை மெருகேற்றி அலங்காரக் கல்லாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு சொட்டு அமிலத்துக்கு அது பொங்கும் பொங்கலை மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

நான்காவது சாத்தனூர். 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம். 1940-ல் இதை அடையாளம் கண்டவர் எம்.எஸ். கிருஷ்ணன், பிற்பாடு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவரானவர். இங்கே வெறுமனே வியந்துவிட்டுப் போகாதீர்கள். காலையிலிருந்து பார்த்த படிவெல்லாம் கடல் படிவு. கடல் படிவுக்குள் மரம் எப்படி வந்தது? குழுக்கள் அரை மணி நேரம் வாதாடட்டும். கரை பக்கத்திலா? ஆறு அடித்து வந்ததா? மிதந்து வந்ததென்றால் மரத்தில் என்ன அடையாளம் இருக்கும், கிளை இருக்குமா, வேர் இருக்குமா? இருக்கிறதா என்று போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், வேலிக்கு வெளியிலிருந்தே. இது பாதுகாக்கப்பட்ட இடம், ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது.

இரண்டாம் நாள் இருந்தால் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்று, வாரணவாசிப் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்று. அருங்காட்சியகத்தை முதல் நாள் வைக்காதீர்கள். முழு மாதிரிகளை முதலில் பார்த்துவிட்டால் களத்தில் உடைந்த துண்டுகளைத் தேடும் ஆசை குறைகிறது. நடக்கச் சிரமப்படும் மாணவர் யாராவது இருந்தால் மட்டும் வரிசையை மாற்றுங்கள். சாத்தனூரையும் அருங்காட்சியகத்தையும் மையமாக வைத்து, ஓடைப் பள்ளத்து மாதிரிகளை மேலே கொண்டுவந்து அவர் முன் வையுங்கள். பெயர்ப் பட்டியலில் அவரைக் கடைசியில் சேர்க்காமல் வழியையே அவரை வைத்துத் தீர்மானியுங்கள்.

பொறுக்கும் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். காரை பல பேருக்குத் தெரிந்த இடமாகிவிட்டது. ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு பை அள்ளினால் பத்து வருடத்தில் பார்க்க எதுவும் இருக்காது. குழுவுக்கு ஒரு மாதிரி, அதுவும் தரையில் உதிர்ந்து கிடப்பதில். சுவரில் பதிந்ததைப் போட்டோ எடுங்கள், அளந்து வரையுங்கள், அங்கேயே விடுங்கள்.

படி 8: ஊர்க்காரர்களிடம் பேசுங்கள்

சுத்தியலோடு நாற்பது பேர் இறங்கினால் யாராவது வந்து கேட்பார்கள்: "தண்ணி பாக்க வந்திருக்கீங்களா?" அவர்களை அனுப்பிவிடாதீர்கள். கிணறு வெட்டியவருக்கு எத்தனை அடியில் கரிசல் முடிகிறது, எத்தனை அடியில் வெள்ளைக் களி வருகிறது, எங்கே சுக்கான்பாறை தட்டுகிறது என்பது விரல்நுனியில் இருக்கும். மாணவர்கள் நோட்டில் அதையும் எழுதட்டும், இடது பக்கத்தில், "ஊர்ப் பெரியவர் சொன்னது" என்று குறித்து. மூன்று கிணறுகளின் தகவல் கிடைத்தால் ஒரு குறுக்குவெட்டு வரைந்துவிடலாம்.

படி 9: அன்று இரவே உட்காருங்கள்

எல்லாரும் களைத்திருப்பார்கள். இருந்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். பென்சிலில் எழுதியதை மை போட்டுத் திருத்தமாக்கி, வரைபடத்தில் நான்கு இடங்களையும் குறித்து, நடுவில் கோடுகளை வரையட்டும். குழுவுக்குக் குழு கோடு வேறாக இருக்கும். இரண்டு வரைபடங்களைப் பக்கத்தில் வைத்து, ஏன் இங்கே போட்டாய் என்று ஒருவரை ஒருவர் கேட்கட்டும். மறுநாள் காலை சந்தேகமான இடத்துக்கு ஒரு குழுவைத் திரும்ப அனுப்ப முடிந்தால் அதைவிட நல்ல பாடம் இல்லை.

மதிப்பெண்ணில் பாதியை நோட்டுக்கே கொடுங்கள். அழகாக டைப் செய்து பைண்ட் போட்ட அறிக்கைக்குக் குறைவாக. அறிக்கை போன வருட சீனியருடையதாக இருக்கலாம். மண் ஒட்டிய நோட்டு அவருடையதுதான்.

அரியலூர் வரை போக முடியாதவர்களுக்கு

பணம் இல்லை, பஸ் இல்லை, அனுமதி இல்லை என்ற பள்ளிகள்தான் அதிகம். அதனால் களம் இல்லை என்று ஆகாது. பக்கத்தில் போர்வெல் போடுகிறார்கள் என்றால் பத்து அடிக்கு ஒரு கைப்பிடி தூளை வாங்கி, வரிசையாகச் செய்தித்தாளில் பரப்புங்கள். அது முழு நிலவியல் பாடம். ஊர்க் கோயில் மண்டபத்தின் தூண், ஆற்று மணல், வீட்டு அம்மி, எல்லாவற்றையும் லென்ஸ் வைத்துப் பார்க்கலாம். சென்னைப் பள்ளிகளுக்குப் பல்லாவரமும் பரங்கிமலையும் இருக்கின்றன. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லாக இருந்த பாறைக்கு 1893-ல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார், அந்த வகைப் பாறையின் மூல இடம் இந்தக் குன்றுகள்தான். உலகப் பாடநூல்களில் இருக்கும் பாறை, மின்சார ரயிலில் போய் இறங்கித் தொட்டுவிடலாம்.

படி 10: நோட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்

வருடம் எழுதி, நிறுத்தங்களின் பெயரோடு துறையின் அலமாரியில் வையுங்கள். அடுத்த வருடக் குழுவின் கையில் பழைய நோட்டைக் கொடுத்து அதே ஓடைச் சுவருக்கு அனுப்புங்கள். அதில் "ஒற்றைப் பனையிலிருந்து சுவரின் விளிம்பு வரை 14 காலடி" என்று எழுதியிருக்கும். அந்தச் சுவர் மழைக்கு மழை கரைந்து பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. புதியவர்கள் முதலில் செய்ய வேண்டியது அந்தப் பனையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எண்ணத் தொடங்குவது.